பழனி மலைப் பளியர்: விலகிச் செல்லும் உரிமையின் வரலாறு

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளைத்து, திண்டுக்கல், தேனி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் பழனி மலையை மேல்மலை, கீழ்மலை என இரண்டாகப் பிரித்துப் பேசுவது அங்குள்ளோர் வழக்கம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய ஊர்கள் மேல்மலையையும், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் முதலியவை கீழ்மலையையும் சேர்ந்தவை. இந்த ஊர்களுக்கும் அடிவாரச் சமவெளிக்கும் இடையில், பாறை விளிம்புகளும் இலையுதிர் காடுகளும் நிறைந்த சரிவுகளில், ஏரையும் மந்தையையும் நம்பாமல், காட்டுக்கிழங்கு, தேன், சிறு வேட்டை ஆகியவற்றைக் கொண்டு நெடுங்காலம் வாழ்ந்து வந்தவர்கள் பளியர். உணவை விளைவிக்காமல், இயற்கையில் விளைந்து கிடப்பதைத் தேடி எடுத்து உண்ணும் இத்தகைய மக்களை மானிடவியலார் வேட்டை - உணவு சேகரிப்புச் சமூகத்தார் என அழைப்பர். அரசனும் ஊர்த்தலைவனும் வழக்காடு மன்றமும் இல்லாத இம்மக்கள் தமக்குள் ஓர் ஒழுங்கை எவ்வாறு காத்துக்கொண்டனர், அந்த ஒழுங்கு எந்த அடிப்படையின் மேல் நின்றது, அது எப்போது தளரத் தொடங்கியது என்பனவே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

பழனி மலை உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்ட தனிக்காடாக எக்காலத்திலும் இருந்ததில்லை. தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறை போன்ற இடங்களில் காணப்படும் கற்திட்டைகள், அதாவது பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்து அமைத்த ஈமச்சின்னங்கள், இரும்புக் காலத்திலேயே மலையில் மக்கள் நிலைபெற்றிருந்ததைக் காட்டுகின்றன. இவற்றைப் பற்றி இயேசு சபைத் துறவி ஆங்கிலேடும் நியூட்டனும் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னர்த் தாண்டிக்குடியில் தொல்லியல் அறிஞர் கா. ராஜன் தலைமையில் நடந்த அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகள், மலைக்கும் தொலைதூர வணிகத்துக்கும் இருந்த தொடர்பை உறுதிசெய்தன. சங்கப் பாடல்களில் பொதினி எனப்படும் பழனியின் தலைவனாக ஆவியர் குடிப் பேகன் போற்றப்படுகிறான். கோடை என்னும் மலைக்குத் தலைவனாகக் கடியநெடுவேட்டுவன் புறநானூற்றில் இடம்பெறுகிறான். மலைபடு பொருளான தேனையும் கிழங்கையும் கொடுத்து, நெய்தல் நிலத்து மீன் நெய்யையும் நறவையும் மாற்றிக்கொண்ட செய்தியைப் பொருநராற்றுப்படை கூறுகிறது. இப்பாடல்களில் வரும் வேட்டுவரையும் குறவரையும் இன்றைய பளியரின் முன்னோர் என்று நேர்கோடு இழுப்பதற்குச் சான்று போதாது. ஆயினும் காட்டில் உணவு தேடும் வாழ்வும் சமவெளிச் சந்தையும் ஈராயிரம் ஆண்டுகளாக அருகருகே இயங்கி வந்தன என்பதை மறுக்க இயலாது.

மலைமேல் உழவு பரவியபோது இந்த உறவு மேலும் நெருங்கியது. இன்று மேல்மலையிலும் கீழ்மலையிலும் நிலவுடைமையாளராக உள்ள குன்னுவர், சில நூற்றாண்டுகளுக்கு முன் கோயம்புத்தூர்ச் சமவெளியிலிருந்து மலையேறியதாகத் தம் மரபைக் கூறுவர். அவர்களுடைய வயல்களில் உழைப்பாளராக வாழ்ந்தவர்கள் மலைப்புலையர். இந்த இரு பிரிவினரும் ஊர் என்ற அமைப்புக்குள் அடங்கியவர்கள். பளியரோ ஊருக்கு வந்து போகிறவர்களாகவே இருந்தனர். 1821இல் இம்மலையை அளவிட்ட லெப்டினன்ட் பி. எஸ். வார்டு, 1868இல் மதுரை நாட்டைப் பற்றிய கையேட்டை வெளியிட்ட ஜே. எச். நெல்சன், 1906இல் மாவட்ட விவரச்சுவடியை எழுதிய டபிள்யூ. பிரான்சிஸ் போன்ற ஆங்கிலேய அலுவலர்களின் கவனம் இயல்பாகவே வரி செலுத்தும் நிலங்களின் மீதே குவிந்தது. நிலவரி கொடுக்காத மக்களுக்கு அரசு ஏட்டில் இடம் குறைவு. பளியரை மட்டும் பொருளாகக் கொண்டு எழுந்த தொடக்ககாலக் கட்டுரை, இயேசு சபையைச் சேர்ந்த டாமன் 1908இல் ‘ஆந்த்ரோப்போஸ்’ இதழில் எழுதியதாகும். அடுத்த ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளும் அவர்களை விவரிக்கின்றன. இவ்வெழுத்துகளில் பளியர் கூச்சம் மிகுந்த, பழைய நிலையில் தங்கிவிட்ட மக்களாகவே காட்டப்பட்டனர். அவர்களுடைய வாழ்வுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது என்பதை ஆராயும் முயற்சி, அமெரிக்க மானிடவியலர் பீட்டர் கார்டனர் 1962 முதல் 1964 வரை, பழனி மலைக்குத் தெற்கே உள்ள சரிவுகளில் பளியரோடு தங்கி ஆய்ந்தபோதுதான் முழுமை பெற்றது. பழனி மலைப் பளியரைப் பற்றி ஸ்வீடன் நாட்டுக் கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் 2003இல் வெளியிட்ட ஆய்வு அதன் தொடர்ச்சியாக அமைந்தது.

பளியர் உணவின் அடித்தளம் காட்டுக்கிழங்கு. வள்ளி, கவலை, நூறை எனத் தமிழில் பல பெயர்களால் வழங்கும் கொடிக்கிழங்கு வகைகள், மழை பெய்து கொடி செழித்துப் பின் இலை பழுக்கும் பருவத்தில் மாவுச்சத்து ஏறி முதிர்கின்றன. காய்ந்து அறுந்த கொடியின் தண்டு எந்தப் பாறை இடுக்கில் இறங்குகிறது என்பதைக் கண்டு, இரும்புப் பூண் இட்ட தோண்டுகோலால் மண்ணைக் குத்திக் கிளறி, கையால் அள்ளி வெளியேற்றிக்கொண்டே இறங்க வேண்டும். செங்குத்தாக இறங்கும் வகையானால் தோண்டுபவரின் தோள் வரை குழிக்குள் போய்விடும். கிழங்கு நடுவே ஒடிந்தால் பாதி மண்ணுக்குள் நின்றுவிடும் என்பதால் அவசரத்துக்கு இங்கு இடமில்லை. கிழங்கின் தலைப்பகுதியைக் கொடியோடு குழியிலேயே விட்டு மண் தள்ளினால் அது மீண்டும் தழைக்கும். நேராக உண்டால் தொண்டையில் காறலும் நஞ்சும் ஏற்றும் சில வகைகள் வேகவைத்து நீரில் ஊறவைத்த பிறகே உணவாகும். இவ்வேலைக்குப் பெருங்கூட்டம் தேவையில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனியே செய்யத்தக்கது. ஒரு பெண் தன் கோலையும் அரிவாளையும் கொண்டு தனக்கும் தன் குழந்தைகளுக்கும் வேண்டிய உணவைத் தானே தேடிக்கொள்ள இயலும் என்ற இந்த நிலைதான், பளியர் சமூக அமைப்பின் பல கூறுகளை விளக்கும் திறவுகோல்.

தேன் எடுத்தல் இதற்கு நேர்மாறானது. மலைத்தேனீ தன் பெரிய அடையை ஆள் எட்டாத பாறை விளிம்புகளில் தொங்கவிடுகிறது. அதை எடுப்பவர் காட்டுக்கொடிகளை முறுக்கிய வடத்தைப் பிடித்து உச்சியிலிருந்து இறங்கி, புகையூட்டி ஈக்களை விலக்கி, அடையை அறுத்துக் கலத்தில் வாங்க வேண்டும். மேலே வடத்தைக் காப்பவரின் கையில் இறங்குபவரின் உயிர் இருக்கிறது. தென்னிந்திய மலைக்குடிகள் பலரிடம் இக்காவலை மனைவியின் உடன்பிறந்தானாகிய மச்சானிடம் ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. தன் தங்கை கைம்பெண்ணாவதை அவன் விரும்பமாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். கிழங்கு தேடுவதில் தனித்தன்மையும் தேனெடுப்பதில் நம்பிக்கைக்குரிய சிலரின் கூட்டும் என, உழைப்பின் இயல்பே எங்கு யாரோடு சேர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது.

இத்தகைய உழைப்பின் மேல் எழுந்த குடியிருப்பு மிகச் சிறியது. பாறைக் குடைவுகளிலோ, புல்லும் இலையும் வேய்ந்த குடில்களிலோ சில குடும்பங்கள் சேர்ந்து தங்கும். ஒரு குழுவில் இருபது முப்பது பேருக்கு மேல் சேர்வது அரிது. கூக்கால் அருகே உள்ள குகைகள் பளியரின் பழைய தங்குமிடங்களாக இன்றும் காட்டப்படுகின்றன. குழு என்பது நிலையான உறுப்பினரைக் கொண்ட அமைப்பன்று. மணமான இணையர் ஆணின் உறவினரோடும் தங்கலாம், பெண்ணின் உறவினரோடும் தங்கலாம். சில காலம் கழித்து இரு பக்கமும் இல்லாமல் வேறிடம் போகலாம். தந்தை வழியாகவோ தாய் வழியாகவோ சொத்தும் பெயரும் இறங்கும் குலப்பிரிவு அவர்களிடம் வலுப்பெறவில்லை. மாமன், அத்தை, மச்சான் என்ற உறவுமுறைப் பெயர்கள் தமிழரின் பொது முறையை ஒத்தவை. முறை மணமும் அறியப்பட்டதே. ஆயினும் சமவெளியில் அந்த முறைக்குப் பின்னால் நிற்கும் நிலம், சீர், குலப்பெருமை ஆகிய சுமைகள் இங்கு இல்லாததால் மணவாழ்வு இணையரின் விருப்பத்தைச் சார்ந்தே நின்றது. மனம் ஒவ்வாதபோது ஒருவர் எழுந்து வேறு குழுவுக்குப் போய்விடுவதே மணமுறிவு. அதற்குப் பஞ்சாயத்தும் தேவைப்படவில்லை, பரிகாரத் தொகையும் தேவைப்படவில்லை.

இந்த விலகல் மணவாழ்வோடு நிற்காமல், பளியரின் பொது ஒழுக்கமாகவே விளங்கியது என்பது கார்டனர் கண்ட முதன்மையான முடிவு. 1966இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இதற்குச் சமச்சீர் மதிப்பு என்று பொருள்படும் பெயரைக் கொடுத்தார். வயது, பால், உறவு ஆகியவற்றைப் பாராமல் ஒவ்வொருவரும் மற்றவரின் தன்னுரிமைக்கு ஒரே அளவு மதிப்பளிக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஒருவரை அதட்டுவதும், தன்னை உயர்த்திப் பேசுவதும், போட்டியிட்டு வெல்வதும் எதிரில் இருப்பவருக்குத் தரக்குறைவு செய்வதாகக் கருதப்பட்டன. சச்சரவு எழுந்தால் பாதிக்கப்பட்டவர் திருப்பித் தாக்குவதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அகல்வார், சினம் ஆறாவிட்டால் தம் குடும்பத்தோடு வேறு குழுவுக்குப் போய்விடுவார். பேச்சுத்திறனும் நகைச்சுவையும் உள்ள ஒருவர் இடையில் புகுந்து கவனத்தைத் திருப்பிச் சூட்டைத் தணிப்பதுண்டு. ஆனால் யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருக்கும் கிடையாது. பெற்றோர்கூடப் பிள்ளையை அடித்துப் பணியவைப்பதைத் தவிர்த்தனர். வேட்டையில் பன்றி போன்ற பெரிய விலங்கு கிடைத்தால் இறைச்சியைக் கூறுகளாக்கி, கூறுக்குக் கூறு ஏற்றத்தாழ்வு இல்லாதபடி பார்த்துப் பகிர்ந்தனர். வேட்டைக்காரரின் திறமைக்கெனத் தனிப்பங்கு ஒதுக்கப்படவில்லை. சுருங்கச் சொன்னால், சமத்துவம் அவர்களிடம் ஏழ்மையின் பக்கவிளைவாக நேர்ந்ததன்று. அன்றாட நடத்தையால் விழிப்போடு காக்கப்பட்ட அறம் அது.

அறிவும் பேச்சும்கூட இந்தத் தன்னுரிமை வழியிலேயே அமைந்தன. ஒரே செடியை இருவர் வெவ்வேறு பெயரால் குறித்தால், எது சரி என்ற வாதம் அவர்களிடையே எழவில்லை. ஒவ்வொருவரும் தம் பட்டறிவில் கண்டதைக் கொண்டு வாழ்ந்தனர். நாற்பது வயதைத் தாண்டியவர் ஏறத்தாழப் பேச்சையே குறைத்துக்கொள்வர், அதிகம் பேசுபவர் இயல்பு மீறியவராகக் கருதப்படுவார் என்று கார்டனர் எழுதியது மொழியியலாரிடையே பலகாலம் மேற்கோளாக வழங்கியது. தெய்வங்களோடு உள்ள உறவில் மட்டும் கூட்டு வாழ்வு வெளிப்பட்டது. பளிச்சியம்மன் முதலிய தெய்வங்கள் சாமியாடியின் மேல் இறங்கி, நோயின் காரணத்தையும் வரப்போகும் ஆபத்தையும் கூறும். மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கத் தயங்கும் அறிவுரையைத் தெய்வத்தின் வாயிலாகக் கேட்பதில் எவருக்கும் தரக்குறைவு இல்லை.

பளியரின் இந்த அமைப்பு உலக அளவிலான விவாதம் ஒன்றோடு நேரடித் தொடர்புடையது. 1966இல் சிகாகோவில் கூடிய மானிடவியல் கருத்தரங்கு, வேட்டை - உணவு சேகரிப்போரை வறுமையில் உழல்பவராகக் காணும் பார்வையை அசைத்தது. ஆப்பிரிக்கக் கலகாரிப் பாலைவனக் குங் மக்கள் சில மணிநேர உழைப்பில் போதிய உணவு பெறுவதை ரிச்சர்ட் லீ எடுத்துக்காட்டினார். 1982இல் ஜேம்ஸ் உட்பர்ன், தேடிய உணவை உடனுக்குடன் உண்டு, சேமிப்பும் முதலீடும் இல்லாமல் வாழும் சமூகங்களில்தான் ஆண்டான் அடிமை என்ற உறவு வேர்பிடிக்க இயலாமல் போகிறது என்று வாதிட்டார். எவரும் எவரையும் உணவுக்காகச் சார்ந்திராததால், பிடிக்காதவரை விட்டு விலகுதல் எளிதாகிறது என்பது அவர் விளக்கம். இதற்கு எதிர்த்திசையில், தென்னாசியக் காட்டுவாழ் மக்கள் பழங்காலத்தின் எச்சங்கள் அல்லர், சந்தைக்குத் தேனும் மெழுகும் திரட்டித் தரும் ஒரு தொழிற்பிரிவாகவே வாழ்ந்தனர் என்று ரிச்சர்ட் ஃபாக்ஸ் 1969இல் எழுதினார். பழனி மலையின் நிலை இரண்டு கூற்றுகளையும் ஓரளவு ஏற்கிறது. பளியர் சமவெளியோடு வணிகம் செய்தனர், தோட்டங்களில் கூலிக்கு உழைத்தனர், அங்குள்ளோரின் மொழியும் பணிவும் அறிந்து அதற்கேற்ப நடந்தனர். அது ஒவ்வாதபோது காட்டுக்குள் திரும்பித் தம் முறைப்படி வாழ்ந்தனர். கார்டனர் 2000இல் வெளியிட்ட நூலில் இதை இரு பண்பாட்டுத் திறன் என்று விளக்கினார். இரு உலகங்களிலும் பழகத் தெரிந்திருந்ததுதான் அவர்களை ஒன்றில் மட்டும் சிறைப்படாமல் காத்தது.

ஆகவே பளியர் ஒழுங்கின் அடிப்படை, போவதற்கு ஓரிடம் இருத்தல் என்பதே. அந்த அடிப்படையை முதலில் அசைத்தது 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம். காப்புக்காடு என்று அறிவிக்கப்பட்ட பரப்பில் நுழைவதும், தீயிடுவதும், விளைபொருள் எடுப்பதும் அரசின் இசைவுக்கு உட்பட்டன. கடுக்காய், சீயக்காய், கல்பாசி, நன்னாரி, தேன், மெழுகு ஆகியவற்றைச் சேகரிக்கும் உரிமை குத்தகையாக ஏலம் விடப்பட்டது. குத்தகைக்காரர் முன்பணமும் அரிசியும் கொடுத்துப் பளியரை அழைத்து, திரட்டிய பொருளைத் தாம் வைத்த விலையில் கணக்கிட்டு, மீதியைக் கடனாக எழுதிக்கொள்ளும் முறை வேரூன்றியது. யாரிடம் பேசினால் எல்லோரும் கட்டுப்படுவர் என்று தேடிய குத்தகைக்காரரும் வன அலுவலரும் தலைவர் என ஒருவரைச் சுட்டினர். தலைமை என்ற ஒன்றை வெளியார் தேவை இவ்வாறு உருவாக்கியது. அப்போதும் பளியர் கையாண்ட எதிர்ப்பு பழையதே: கணக்குத் தாங்க முடியாமல் போனால் இரவோடு இரவாக வேறு சரிவுக்குப் பெயர்ந்தனர்.

பெயர்வதற்கான சரிவுகள் அதற்குள் சுருங்கி வந்தன. 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863இல் மதுரை ஆட்சியராயிருந்த வெர் லெவிஞ்சின் முயற்சியில் ஏரி உருவானது. 1914இல் மலைச்சாலை திறக்கப்பட்டது. மேல்மலையின் புல்வெளிகளில் சீகை, தைல மரம், பைன் ஆகியவை நடப்பட்டன. கோடைத்தலம் மேல்மலையின் முகத்தை மாற்றியது என்றால், பளியரின் வாழ்விடமான இடைச்சரிவுகளை மாற்றியவை காபி, ஏலத் தோட்டங்கள். நிழல்மரங்களை மட்டும் நிறுத்திக் கீழ்வளர் கொடிகளை அகற்றிய தோட்டத்தில் வள்ளிக்கொடிக்கு இடமில்லை. ஒருகாலத்தில் பருவத்துக்கு வந்துபோன கூலிகளாக இருந்த பளியர், தோட்டக் காவலராகவும் நிரந்தரத் தொழிலாளராகவும் உரிமையாளரின் நிலத்திலேயே குடில் அமைத்துத் தங்கும் நிலைக்கு வந்தனர்.

விடுதலைக்குப் பின் வந்த மாற்றங்கள் இருமுகம் கொண்டவை. பட்டியல் பழங்குடியினர் என்ற ஏற்பு கல்விக்கும் உதவித்தொகைக்கும் வழிவகுத்தது. ஆனால் தமிழ்நாட்டுப் பட்டியலில் இம்மக்களின் பெயர் மூன்று எழுத்து வடிவங்களில் மூன்று தனி இலக்கங்களாக நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சாலையோரத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட காலனி வீடுகள் பள்ளிக்கும் நியாயவிலைக் கடைக்கும் அருகில் இருந்தன. சண்டையிட்ட இரு குடும்பங்கள் ஒன்றைவிட்டு ஒன்று அகல்வதற்கு மட்டும் அவற்றில் வழியில்லை. 2013இல் சுமார் 608 சதுர கிலோமீட்டர் பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதும் காட்டுக்குள் நுழைவது மேலும் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இந்தப் போக்கைத் திருப்பக்கூடிய கருவி. அது இருவகை உரிமைகளை ஏற்கிறது. முதலாவது, பயிரிட்டு வந்த வனநிலத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை தனிநபர் பட்டா. இரண்டாவது, சிறு வன மகசூலைச் சேகரித்து விற்கவும், மரபாகப் பயன்படுத்திய காட்டை நிர்வகிக்கவும் கிராம சபைக்குக் கிடைக்கும் சமூக வன உரிமை. சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் பிறப்பித்த இடைக்கால ஆணையால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் தடைப்பட்டது. வழங்கத் தொடங்கிய பின்னும் தனிநபர் பட்டாவே அலுவலகங்களுக்கு எளிதான இலக்காக இருக்கிறது. அளந்து, எல்லைக்கல் நட்டு, புகைப்படம் எடுத்துக் கணக்குக் காட்ட அதுவே வசதி. உழுதே வாழாத மக்களுக்கு உழுத நிலத்தின் பட்டா எவ்வளவு பயன்படும் என்ற கேள்வி அந்தக் கணக்கில் எழுவதில்லை.

பளியரின் சமத்துவமும் வன்முறையின்மையும் நற்குணப் பட்டியலில் வைத்துப் போற்றப்படும் அளவுக்கு, அவற்றைத் தாங்கிய நிலத்தின் கதை பேசப்படுவதில்லை. அதிகாரத்தை எதிர்த்துப் போரிடாமல் விலகியே முறியடித்த ஒரு சமூகத்துக்கு, விலகிச் செல்லும் பரப்பு அரசியல் சட்டத்துக்கு நிகரான இன்றியமையாமை உடையது. அப்பரப்பு மூடப்பட்டால் குடியிருப்புகள் நிற்கும், பெயர்கள் பட்டியலில் நிலைக்கும், ஒழுங்கு மட்டும் எஞ்சாது. ஆகவே பழனி மலையில் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றும் பொறுப்புள்ளோர் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டுமனைகளின் எண்ணிக்கையை உயர்த்துவதற்கு முன், கிழங்கும் தேனும் தேடிப் பளியர் நடந்த சரிவுகளைச் சமூக வன உரிமையாக அவர்களுடைய கிராம சபைகளிடம் ஒப்படைப்பதே.